மூட்டையில் கலந்த வெங்கச்சங்கல்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டார். சிவகாசிப் பக்கம் அது சாதாரணக் கேள்வி. தீப்பெட்டி ஒட்டுகிறாள், வெடிக்குத் திரி வைக்கிறாள், பிரஸ்ஸில் தாள் அடுக்குகிறாள் என்று ஏதாவது ஒரு பதில் வரும். என் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கம்பெனியில கல்லு உடைக்கா" என்றார்.

அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்து கல் உடைப்பவர்கள் ஜெயிலில்தான் இருந்தார்கள். அந்தக் கல்லுக்குள் உலோகம் எம்புட்டு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கம்பெனி அது என்று அப்பா விளக்கினார். அப்படியானால் இவள்தான் அதைக் கண்டுபிடிப்பாளா என்று அத்தை கேட்டார். இல்லை, அது கெமிஸ்ட் வேலை, இவள் பொடித்துக் கொடுப்பாள் என்றார் அப்பா. விஷயம் மறுபடியும் ஜெயிலுக்கே போய்விட்டது. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "மை அரைக்கிற மாதிரியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் லித்தோ பிரஸ்ஸில் வர்ணம் கலக்குகிறவர். சரியாக அரைபடாத மையில் பாதி வர்ணம் வெளியே தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆமாம் என்று தலையாட்டினேன். கல்யாணம் அதில் முடிவாகிவிட்டது.

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள், புது இயந்திரம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் கல்லைப் போட்டால் மறுபக்கம் முகப்பவுடர் மாதிரி விழுகிறது. பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண், நான் பார்த்ததிலேயே சிக்கலான சாம்பிள் எது என்று கேட்டாள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. தவிர, அது நின்றுகொண்டே சொல்லிவிடக்கூடிய கதையும் இல்லை. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் நாங்கள் விவசாயிகள், பெய்யாவிட்டால் தீப்பெட்டித் தொழிலாளிகள். ஐம்பதுகளின் நடுவில், நான் எட்டாவது முடித்திருந்த சமயம், சிவகாசியில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்த, கை சுத்தமான பெண் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கை சுத்தம் என்றால் திருடாமல் இருப்பது என்று நினைத்துக்கொண்டு போனேன். கெமிஸ்ட் சோலையப்பன் சார் என் கைகளை நீட்டச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருதாணி, எண்ணெய், வளையல் மூன்றும் இங்கே ஆகாது என்றார். நான் திருடுவேனா என்று அவர் கேட்கவே இல்லை.

ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஆய்வுக்கூடம் அது. தீப்பெட்டியின் பக்கவாட்டில் உரசுகிற மருந்துக்கு ஆண்டிமனி வேண்டும். அது அஞ்சனக்கல்லாக வரும். குச்சி மருந்துக்கு மாங்கனீஸ் வேண்டும். அது கறுப்புக் கல்லாக வரும். வடக்கேயிருந்து லாரியில் வந்து இறங்குகிற லோடில் எவ்வளவு உலோகம், எவ்வளவு வெறும் கல் என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. முதல் வருஷம் முழுக்க நான் கூட்டினேன், துடைத்தேன், கழுவினேன். இரண்டாம் வருஷம் சம்மட்டியைக் கையில் கொடுத்தார்கள்.

கெமிஸ்டுக்குத் தேவை ஒரு சிட்டிகைப் பொடி. அந்தச் சிட்டிகை ஒரு லாரிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் முதலில் கல்லை நெல்லிக்காய் அளவுக்கு உடைப்போம். பிறகு கையால் சுற்றுகிற நொறுக்கியில் போட்டு மிளகு அளவுக்குக் கொண்டுவருவோம். அதைத் தார்ப்பாயில் கொட்டி, மூலை மாற்றி மூலை தூக்கிப் புரட்டிக் கலந்து, கூம்பாகக் குவித்து, உச்சியை அமுக்கித் தோசைபோலப் பரப்பி, தகரத்தால் நாலு கூறாக வகுப்போம். எதிரெதிராக இருக்கும் இரண்டு கூறுகளை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடுவோம். எடுத்ததை இன்னும் சன்னமாக நொறுக்கி மறுபடி குவித்து, மறுபடி வகுத்து, கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சும். அதை உலர்த்தி, உரலில் இடித்துச் சலிக்க வேண்டும்.

ஆளைக் கவிழ்க்கிற இடம் சல்லடைதான். வீட்டில் மாவு சலித்தால் கப்பியைத் தள்ளிவிடுவோம். இங்கே கப்பியைத் தள்ளினால் போச்சு. அஞ்சனக்கல் மெத்தென்றது, சீக்கிரம் பொடிந்து முதலில் கீழே இறங்கிவிடும். சல்லடையில் நிற்பது வெறும் கல். அதைக் கொட்டிவிட்டால் மட்டமான லோடெல்லாம் உயர்ந்த லோடாகிவிடும். அதனால் கடைசிக் குருணையும் இறங்கும்வரை இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் கப்பி மிஞ்சாமல் இடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் பிள்ளையார் சதுர்த்தியில் என் கொழுக்கட்டையைச் சாப்பிட்டுவிட்டு, ஜெயிலைப் பற்றிய பேச்சை அத்தை அடியோடு நிறுத்திவிட்டார்.

ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவே உரலைத் துலக்குவோம். பிரஷ் மட்டும் போதாது. சுத்தமான வெங்கச்சங்கல்லைக் கொஞ்சம் போட்டு இடித்துக் கொட்ட வேண்டும். தரிசுக்காட்டில் வெள்ளை வெளேரென்று கிடக்குமே, அந்தக் கல். முந்தின சாம்பிளின் மிச்சம் மீதி அதோடு போய்விடும்.

சோலையப்பன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகர்க்காரர். ஒல்லியான ஆள், எப்போதும் வெள்ளை வேட்டி. தூசி பறக்கிற இடத்தில் ஏன் வெள்ளை வேட்டி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கொட்டகைக்குள் ஒரு சுற்று சுற்றி வந்து, முழங்காலுக்குக் கீழே ஒட்டியிருந்த கறுப்புத் தூசியைக் காட்டி, இது யார் வீட்டு மாங்கனீஸ், எந்தப் பொட்டலத்தில் குறைகிறது என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் வேட்டியைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் காற்று வராமல் கதவு இடுக்குகளில் சாக்கைச் சொருகுவோம். யாரையும் தப்பு என்று சொல்லமாட்டார். கணக்கு உதைத்தால், "இன்னொரு தரம் பாப்பமா?" என்பார். திட்டினால் அழுதுவிட்டுப் போய்விடலாம். இன்னொரு தரம் என்றால் சம்மட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் எங்கள் கொட்டகை விஸ்வநத்தம் போகிற வழியில் இருந்தது. அடுத்த காட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி வந்தது. அதன் முதலாளி அண்ணாச்சி ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பெண்கள் கொலுசு போட்டாலே கழற்றச் சொல்கிறேன், ஒரு ஆணி அடிக்க மரச் சுத்தியல் தேடுகிறேன், நீங்கள் இரும்பால் கல்லைப் போட்டு உடைக்கிறீர்களே என்றார். பொறி இம்புட்டுத் தூரம் வராது என்று எங்கள் மேஸ்திரி வாதாடினார். சோலையப்பன் சார் இருவரையும் கொட்டகைக்குள் கூப்பிட்டு, கதவு ஜன்னலெல்லாம் அடைத்து இருட்டாக்கி, என்னை ஒவ்வொரு கல்லாக உடைக்கச் சொன்னார். அஞ்சனக்கல் சும்மா நொறுங்கியது. ஒரு சுண்ணாம்புக்கல் கிடந்தது. அதுவும் சும்மா நொறுங்கியது. வெங்கச்சங்கல்லில் அடி விழுந்ததும் பொறி கிளம்பியது, பாருங்கள், மத்தாப்பு மாதிரி. சார் கதவைத் திறந்தார்.

"அண்ணாச்சி சொல்றது சரிதான். நாங்க வேற இடம் பாத்துக்கிடுதோம்" என்றார்.

அடுத்த பட்டாசு சீசனுக்கு முன்பே ஊருக்கு மேற்கே தள்ளிப் போய்விட்டோம். அந்தத் தீபாவளிக்கு அண்ணாச்சி எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி பட்டாசு அனுப்பினார். சார் வீட்டில் வெடிக்கப் பிள்ளைகள் இல்லை. அவர் பெட்டியும் என் தம்பிகளுக்கே வந்தது.

அந்தப் பெண் கேட்ட சிக்கலான சாம்பிளுக்கு இப்போது வருகிறேன்.

அறுபதுகளின் நடுவில் வெளியூர்க் கம்பெனி ஒன்று சிமெண்டுக்குக் கல் தேடிக்கொண்டு வந்தது. ஆலங்குளம் தாண்டி ஒரு கிராமத்தில் பல பேருடைய பூமியில் குழி தோண்டிச் சுண்ணாம்புக்கல் எடுத்து, குழிக்கு இத்தனை மூட்டை என்று அடையாளச் சீட்டுக் கட்டி எங்களிடம் அனுப்பினார்கள். எந்தப் பூமியில் சுண்ணாம்புச் சத்து அதிகமோ அதை வாங்கிக் குவாரி போடுவதாகத் திட்டம். எங்களுக்கு ஆண்டிமனியிலிருந்து ஒரு மாறுதல். கல் வெள்ளை, வேலை சுளுவு, கொட்டகைகூட வெளுத்துப்போய்ப் பொங்கலுக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

ஆண்டாளம்மா என்பவருடைய பூமியிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்தேன். முதல் கல் மெதுவாக நொறுங்கியது. இரண்டாவது கல்லில் சம்மட்டி டங்கென்று எகிறி, பொறி பறந்தது. சுண்ணாம்புக்கல்லில் பொறி பறக்காது. எடுத்துப் பார்த்தேன். வெள்ளைதான், ஆனால் முனைகள் மழுங்கியிருந்தன. ஒரு பக்கம் வெயில் பட்டுப் பழுத்து, அடியில் செம்மண் ஒட்டியிருந்தது. குழிக்குள்ளிருந்து புதிதாக உடைத்த கல்லுக்கு இதெல்லாம் இருக்காது. அதன்மேல் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். சுண்ணாம்புக்கல் என்றால் நுரைத்துப் பொங்கும். இது கம்மென்று கிடந்தது. மூட்டையைக் கொட்டிப் பார்த்தால், நடுநடுவே அதேபோல வெங்கச்சங்கல். அந்த அம்மாவின் மற்ற மூட்டைகளிலும் அப்படித்தான். மற்றவர்கள் மூட்டைகள் சுத்தமாக இருந்தன.

கம்பெனி மேனேஜர் அன்று அங்கேயே இருந்தார். வெங்கச்சங்கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை இடியுங்கள், எனக்கு முடிவு அவசரம் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சோலையப்பன் சார் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூட்டையில நமக்குப் பிடிக்காததைப் பொறுக்க ஆரம்பிச்சா, எதுல நிறுத்துறது? இது கலந்துபோச்சு. இன்னொரு தரம் பாப்பம்."

யார் கலந்தது என்று மேனேஜர் விடவில்லை. தனக்குக் கல்லைத்தான் பார்க்கத் தெரியும் என்று சார் சொல்லிவிட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். மறுபடி எடுப்பதென்றால் எங்கள் ஆட்கள்தான் எடுப்பார்கள், முடிவைப் பூமிக்காரர்களுக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். வேறு வழியில்லாமல் சரி என்றார்.

நானும் சாரும் ஆலங்குளம்வரை பஸ்ஸில் போய் இறங்கியபோது ஆண்டாளம்மாவே வில்வண்டி அனுப்பியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு பருத்தியும் மிளகாயும் தானே நின்று விவசாயம் பார்க்கிறவர். வண்டியைவிட்டு இறங்கியதும் அவருடைய மாட்டுக்கொட்டத்தைப் பார்த்தேன். பூட்டுப் போட்ட கொட்டம் ஊரில் அது ஒன்றுதான். லாரி வரும்வரை அவருடைய மூட்டைகள் அங்கேதான் கிடந்திருக்கின்றன, சாவி அவர் கையில். சாரும் பார்த்தார். ஆனால் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இந்தத் தடவை மூட்டைகள் குழியிலிருந்து நேரே வண்டிக்குப் போகும், சீனியம்மா கூடவே இருப்பாள் என்று என்னைக் காட்டிப் பொதுவாகச் சொன்னார். ஆண்டாளம்மா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, "மொதல்ல சாப்பிடுங்க, வெயில்ல வந்திருக்கீக" என்றார். சோளச்சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். இன்றுவரை அப்படி ஒரு குழம்பு நான் வைத்ததில்லை.

குழிக்குப் பக்கத்திலேயே கிணறு. ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்துகொண்டே இருந்தார்கள். மற்ற கிணறுகளில் உப்பு, இதில் மட்டும்தான் பருப்பு வேகும் என்றார்கள்.

மதியம் சார் அடுத்த குழிக்குப் போயிருந்தார். நான் வேப்பமரத்தடியில் தார்ப்பாயை விரித்து, உடைத்த கல்லைக் குவித்து வகுத்துக்கொண்டிருந்தேன். ஆண்டாளம்மா தனியாக வந்து எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, இந்த நாலுல எந்த ரெண்டைத் தூக்கிப் போடுவ?"

"எதிரெதிரா ரெண்டும்மா."

"எந்த எதிரெதிருன்னு நீதான முடிவு பண்ணுத?"

என் கை நின்றுவிட்டது. அவர் என்ன கேட்கிறார் என்பது புரிந்தது. எது போனாலும் ஒன்றுதான் அம்மா, நாலு கூறும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லையென்றால் நான் கலக்கினது சரியில்லை என்று அர்த்தம் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு கிணற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். அது அவர் கணவர் வெட்டிய கிணறு. பாறைக்குள் பாறையாகப் போய்க்கொண்டேயிருந்ததாம், ஊரே அவரைக் கிறுக்கு என்றதாம். தண்ணீர் வந்த அன்று மேலே ஏறி வந்தவர், ஈர வேட்டியைப் பிழிந்து காட்டினாராம்.

"பூமி போனாப் போகட்டும். பாறைக்கு வேட்டு வச்சாகன்னா இந்தத் தண்ணி எங்கிட்டுப் போகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். "அம்புட்டுத்தான் எனக்கு."

ஆனாலும் நான் எதிரெதிர்க் கூறு இரண்டை எடுத்துப் பையில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. எழுந்து போய் எனக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைச் சாரிடம் சொன்னேன். அவங்க கேட்டதுல தப்பு இல்லை, நம்மகிட்டக் கொடுக்கிறதுக்கு அது இல்லை என்றார். அந்த வாரம் இடித்த அளவு சிரத்தையாக நான் கொட்டகையில் எதையும் இடித்ததில்லை. ஒரு குருணை தவறினாலும், அதை வேண்டுமென்றே விட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது. முடிவு மட்டமாக வர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. முடிவு வந்தது. எல்லாக் குழிகளையும்விட ஆண்டாளம்மாவின் கல்லில்தான் சத்து அதிகம்.

பிரதியை வாங்க ஆண்டாளம்மா சிவகாசிக்கே வந்துவிட்டார். சார் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உங்க கல்லுதாம்மா எல்லாத்துலயும் ஒசத்தி."

அவர் அழுவார் என்று நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார் என்றார். அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்தார்.

"மட்டம்னு வந்திருந்தா விட்டுட்டுப் போயிருப்பாகளா?"

"உங்க பூமியை விட்டிருப்பாக. பக்கத்துப் பூமியை விட்டிருக்க மாட்டாக. அதுவும் நல்ல கல்லுதான்."

ஆண்டாளம்மா இதை யோசித்தார். அவர் விரல் மேசைமேல் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தது. குழி எங்கே, கிணறு எங்கே, பக்கத்துப் பூமி எங்கே என்று கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

"அப்ப வேட்டு எப்படியும் உண்டு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கவும் மாட்டாக."

சார் பிரதியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்பக் கேட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே ஆண்டாளம்மா எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த வெள்ளைக் கல்லையெல்லாம் என்ன செஞ்சீக?" என்றார்.

"உரல் துலக்க வச்சுக்கிட்டோம்மா. நல்ல கல்லு. ரொம்ப நாளைக்கு வரும்" என்றார் சார்.

இருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் சிரிப்பை அடக்க முடியாமல், சல்லடையை எடுக்கப் போவதுபோல உள்ளே ஓடிவிட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு அவருடைய கல் கட்டாயம் வேண்டியிருந்தது. அவர் பூமியைத் தருவதாகச் சொன்னார், ஆனால் எதை விட்டுவிட வேண்டும் என்பதைத் தான்தான் சொல்வேன் என்றார். பக்கத்துப் பூமிக்காரர்களும் அவர் சொல்கிற எல்லைக்கு உள்ளே வேட்டு வைக்கவிடுவதில்லை என்று அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பருப்பும் அந்தத் தண்ணீரில்தானே வெந்தது. குவாரி வந்த பிறகு கோடையில் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கியது, கயிற்றை நீளமாக்க வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டேன். வற்றவில்லை.

எல்லைக்கல் ஊன்றிய அன்று, எல்லையோரத்தில் கல் எப்படி இருக்கிறது என்று பார்க்க எங்களிடமும் சாம்பிள் கேட்டிருந்தார்கள். அதற்காக நான் போயிருந்தேன். ஆண்டாளம்மா முன்னால் நடந்தார். பின்னால் மேனேஜர், அவருக்குப் பின்னால் கடப்பாறையோடு ஆட்கள், கடைசியில் பையும் சுத்தியுமாக நான். அவர் வேகமாக நடக்கவில்லை. அங்கங்கே நின்று, கிணற்றைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி நிற்பார். நின்ற இடத்தில் ஆட்கள் கல்லை ஊன்றுவார்கள். எல்லை வளைந்து வளைந்து போனது. மேனேஜர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், வியர்வையைத் துடைத்தார், கடைசியில் பொறுக்க முடியாமல், கோடு நேராக இருந்தால்தானே எல்லாருக்கும் வசதி என்றார்.

ஆண்டாளம்மா நடையை நிறுத்தவில்லை.

"தண்ணி நேராவா ஓடுது?" என்றார்.